எரிமலை விளிம்பில் அம்மாவின் சுங்குடி

மே 10, 2024, வெள்ளி

காலையில் அம்மா போன் செய்தாள். மதுரையில் அப்போது இரவு எட்டு மணி. அட்சய திருதியை என்பதால் நகைக்கடைத் தெருவில் நிற்க இடமில்லையாம். குந்துமணித் தங்கமாவது வாங்கலாம் என்று போனவள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிலோ கல் உப்போடு திரும்பியிருக்கிறாள். "உப்பு வாங்கினாலும் ஐசுவரியம்தான்" என்றாள். சனி, ஞாயிறு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். மலைக்குப் போகிறேன் என்றதும் எந்தக் கோயில் என்றாள். கோயில் இல்லைம்மா, பனிமலை என்றேன். அது எரிமலை என்பதைச் சொல்லவில்லை.

செயின்ட் ஹெலன்ஸ் மலை. அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் போர்ட்லாண்டில், எங்கள் ஆபீஸ் மாடியிலிருந்து, மேகம் இல்லாத நாளில், தலை வெட்டப்பட்ட வெள்ளைக் கூம்பாக வடக்கே தெரியும். ஆறு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உயரம் 2,549 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடக் கிட்டத்தட்ட 90 மீட்டர் குறைவு. ஆனால் தொட்டபெட்டா உச்சிக்கு வண்டியில் போய்விடலாம். இந்த மலை 46 டிகிரி வடக்கில் நிற்கிறது. மே மாதத்திலும் மேல்பாதி முழுக்கப் பனி.

என்னை இழுத்துக்கொண்டு போனவள் ஆபீஸ் தோழி. என்னைவிடப் பத்து வயது இளையவள், கோயமுத்தூர்க்காரி. மசாமாஸ் என்று போர்ட்லாண்டில் ஒரு மலையேற்ற சங்கம் இருக்கிறது. 1894-இல் மவுண்ட் ஹூட் உச்சியில் ஏறி நின்று ஆரம்பித்த சங்கம். அதில் போன வருடம் பயிற்சி எடுத்திருக்கிறாள். "அக்கா, அன்னையர் தினத்தன்னிக்கு அந்த மலையில எல்லாரும் கவுன் போட்டுட்டு ஏறுவாங்க. ஆம்பளைங்களும்தான். நாமளும் போலாமுங்க" என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டாள். அமெரிக்காவில் மே இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். அன்று கவுன் போட்டு ஏறுவது இந்த மலையில் பல வருடப் பழக்கம். கவுனுக்குப் பதில் சேலை கட்டலாமே என்று எனக்கு உடனே தோன்றியது. போன முறை ஊருக்குப் போனபோது அம்மாவின் பீரோவிலிருந்து எடுத்து வந்த சுங்குடி ஒன்று இருக்கிறது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. துவைத்துத் துவைத்துக் கைக்குட்டைபோல மெத்தென்று ஆகிவிட்டது.

ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 4,800 அடிக்கு மேல் சீட்டில்லாமல் போகக் கூடாது. முன்பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து ஆளுக்குச் சுமார் இருபது டாலர். மே 15-க்கு மேல் ஒரு நாளைக்கு 110 பேர்தான் என்று கட்டுப்படுத்திவிடுகிறார்கள். எங்கள் தேதி அதற்கு முன் என்பதால் சுலபமாகக் கிடைத்தது. பூட்ஸ், பனிக்கோடரி, ஹெல்மெட், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டமான க்ராம்பான், எல்லாவற்றையும் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன். மூன்று நாளுக்கு எழுபத்தைந்து டாலர்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஊருக்குள் நல்ல வெயில், கார் இருக்கை சுட்டது. வடக்கே போய் வாஷிங்டன் மாநிலத்துக்குள் வுட்லண்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, லூயிஸ் ஆற்றங்கரையோடு கிழக்கே திரும்பினோம். ஆற்றில் வரிசையாக மூன்று அணைகள். கூகர் என்ற சின்ன ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டோம். அதற்கப்புறம் காடுதான். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தபோது மேற்கே மரங்களுக்கு மேல் மூன்றாம் பிறை. அட்சய திருதியை அன்று பிறை பார்த்தாயிற்று என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பப் போனேன். சிக்னல் போய்விட்டிருந்தது.

மார்பிள் மவுண்டன் வாகன நிறுத்தத்தில் ஏற்கெனவே ஐம்பது, அறுபது வண்டிகள். நிறையப் பேர் காரிலேயே படுத்துவிட்டு விடியுமுன் ஏறுவார்கள். கட்டிக்கொண்டு போன புளியோதரையை வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டோம். இருட்டியதும் குளிர் இறங்கிவிட்டது. பத்தரை மணி இருக்கும், பக்கத்து வண்டிக்காரர் எங்கள் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டினார். "மன்னிக்கணும், எழுப்பினால் கோபப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மேலே பாருங்கள்" என்றார்.

வானம் ரோஜா நிறத்தில் இருந்தது. முதலில் எங்கோ காடு எரிகிறதோ என்று பயந்தேன். அப்புறம் அது நகர்ந்தது. தலைக்கு நேர்மேலே ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கதிர்கள் இறங்கின. ரோஜா, அதற்குக் கீழே பச்சை, ஓரத்தில் ஊதா. கொடியில் காயும் மெல்லிய துணியைக் காற்று அசைப்பதுபோல ஒவ்வொரு கதிரும் ஆடியது. துருவ ஒளி. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அலாஸ்கா போகணும் என்றுதான் நினைத்திருந்தேன். வாகன நிறுத்தத்தில் அத்தனை பேரும் தூங்கும் பையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். யாரும் டார்ச் அடிக்கவில்லை. யாரோ ஒரு குழந்தை மட்டும், "இது எப்போ நிற்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்லத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

இந்த ஒளியைக் கொண்டுவந்தது சூரியப் புயல். இவ்வளவு பலமான புயல் பூமியைத் தாக்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, கடைசியாக 2003 அக்டோபரில் என்று பிறகு படித்தேன். இந்த முறை லடாக்கின் ஹான்லே வானத்தில்கூடச் செம்மை தெரிந்திருக்கிறது. இரவு ஒரு மணிக்குத்தான் படுத்தோம்.

மே 11, சனி

இன்றைக்கு ஏற்றம் இல்லை, பயிற்சி மட்டும். தோழி இதில் கறார். "பனியில விழுந்து நிக்கத் தெரியாம மேல கூட்டிட்டுப் போக மாட்டேனுங்கக்கா" என்று போர்ட்லாண்டிலேயே சொல்லிவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் காட்டுக்குள் நடந்து, மரங்கள் குறைகிற இடத்தில் ஒரு பனிச் சரிவைத் தேர்ந்தெடுத்தாள். கீழே சமதளம், பாறை கிடையாது. அங்கே வேண்டுமென்றே சறுக்கி விழ வேண்டும். விழுந்தவுடன் கோடரியின் தலையைத் தோளுக்கடியில் கொண்டுவந்து, அலகு பனியில் இறங்கும்படி குப்புறப் புரண்டு, மொத்த எடையையும் அதன்மேல் போட வேண்டும். வயிற்றில் படுத்து, முதுகில் படுத்து, தலைகீழாக என்று முப்பது தடவையாவது விழவைத்தாள். தலைகீழாக விழுவதுதான் பயங்கரம். கால் எங்கே, கை எங்கே என்றே தெரியாது. இருபதாவது தடவைக்கு மேல் உடம்பு தானாகப் புரளப் பழகிவிட்டது. காலில் க்ராம்பான் இருக்கும்போது விழுந்தால் முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தூக்கிக்கொள்ளணும், இல்லாவிட்டால் முள் பனியில் மாட்டிக் கணுக்கால் முறிந்துவிடும் என்றாள்.

அடுத்து க்ராம்பான் மாட்டக் கற்றுத்தர உட்கார்ந்தாள். பையைத் திறந்து என் ஜோடியை எடுத்தவள் பேசாமல் என்னைப் பார்த்தாள். கடையில் இரண்டும் இடது காலுக்கானதாகவே கொடுத்துவிட்டார்கள். வலது காலில் மாட்டிப் பார்த்தோம். வார் உள்பக்கம் இழுத்தது, முன் முட்கள் கோணலாக நின்றன. நான் கடையிலேயே பார்த்து வாங்கியிருக்க வேண்டும். திரும்ப ஊருக்குப் போனால் கடை மூடுமுன் சேர முடியாது. "நாளைக்கு இல்லைனு வச்சுக்கலாமுங்க. மலை எங்கயும் போகாது" என்றாள் தோழி. நான் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை அடைத்தது.

வண்டிக்குத் திரும்பும்போது மணி மூன்று. நேற்று கண்ணாடியைத் தட்டியவர் ஒரு பழைய வெள்ளை வேனுக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, அறுபத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்தில் அவர் மனைவி, முழங்காலில் பட்டி கட்டி, காலை ஒரு பெட்டிமேல் நீட்டியிருந்தார். பயிற்சி எப்படி என்று கேட்டார்கள். இரண்டு இடது கால் கதையைத் தோழி சொன்னாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "உன் பூட்ஸ் என்ன அளவு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அவருடைய க்ராம்பான் என் கையில். பதினோரு வருடமாக இதே ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து ஏறுகிறார்களாம். இந்த வருடம் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கணவர் மட்டும் போகிறார், இவர் வேனில் காத்திருப்பார். "என் கால் போகாவிட்டாலும் என் முட்கள் போகட்டும்" என்றார். பணம் கொடுக்கலாமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், சட்டத்தின் நீளத்தை என் பூட்ஸுக்கு ஏற்றபடி நகர்த்திக்கொண்டிருந்தார்.

சேலை விஷயம் பேச்சுவாக்கில் வந்தது. எடுத்துக் காட்டினேன். புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால் வருவது என்றதும், சேலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, "அப்படியானால் இதில் எத்தனை முடிச்சு!" என்றார். ஆனால் உடனே முகம் மாறியது. தொங்கும் துணியும் க்ராம்பான் முள்ளும் சேரவே கூடாது, மலையில் பலர் விழுவது சொந்தக் காற்சட்டையில் முள் மாட்டித்தான் என்றார். தோழியும் அதையேதான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னொன்றும் இருக்கிறது. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் அடியில் தண்ணீர் புகாத காற்சட்டை, சட்டை எல்லாம் முழுமையாகப் போட்டு, மேலாக மட்டும்தான் சேலை. காற்றோ மேகமோ வந்தால் உடனே அவிழ்த்துப் பைக்குள் வைக்க வேண்டும். இது ஒப்பந்தம்.

நாற்று நடும் பெண்கள் கட்டுவதுபோல முழங்காலுக்கு மேல் தூக்கி, பின்னால் தார்பாய்ச்சிச் செருகினேன். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் இறுக்கினேன். அந்த அம்மாள் தன் ஊன்றுகோலை எடுத்தார். அதில் கைப்பிடிக்குக் கீழே வெள்ளி நிறத் துணி நாடாவைச் சுற்றி வைத்திருந்தார். மலையேறுகிறவர்கள் எதையும் ஒட்டவைக்க அப்படிச் சுற்றி வைத்துக்கொள்வார்களாம். சாண் சாணாகக் கிழித்து, என் இரண்டு தொடையிலும் சேலை விளிம்பைச் சுற்றி இறுக்க ஒட்டினார். பார்டர் மேலேயே நாடா. எனக்குக் கொஞ்சம் துணுக்கென்றது, ஆனால் சொல்லவில்லை. ஏறி நடந்து காட்டச் சொன்னார். உட்காரச் சொன்னார். காலைத் தூக்கி உதறச் சொன்னார். எங்கும் துணி தொங்கவில்லை. "இப்போது சரி" என்றார்.

மே 12, ஞாயிறு

மூன்று மணிக்கு எழுந்து, மூன்றரைக்கு நடக்க ஆரம்பித்தோம். நிலா எப்போதோ மறைந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் நெற்றி விளக்குகள் வரிசையாக ஆடிக்கொண்டு போயின. இருட்டுக்குள் திடீரென்று ஒரு பூப்போட்ட கவுன், ஒரு ஜரிகை வைத்த பச்சைப் பாவாடை, ஒரு கல்யாண கவுன். எல்லாவற்றுக்கும் மேலே ஹெல்மெட், கீழே முள் பூட்ஸ்.

இந்தப் பாதைக்கு வொர்ம் ஃப்ளோஸ் என்று பெயர். போக வரப் பத்தொன்பது கிலோமீட்டர், ஏற்றம் 5,700 அடி. முதல் பகுதி காட்டுக்குள் சாதாரணமாகப் போகிறது. மரமெல்லாம் பருமனானவை. 1980-இல் மலை வெடித்தது வடக்குப் பக்கமாக. தெற்கே இருந்த இந்தக் காடு தப்பித்தது. சாக்லேட் ஃபால்ஸ் என்ற சின்ன அருவியைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. 

மரங்கள் முடிந்த இடத்தில் முதல் வெயில். அங்கே உட்கார்ந்து க்ராம்பான் மாட்டினோம். இரவுக் குளிரில் பனி கெட்டித்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முள் இறங்கும் சத்தம், முறுக்கு கடிப்பதுபோல. எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துவிட்டது. பாறை முதுகில் கொஞ்சம், பனியில் கொஞ்சம் என்று ஏறினோம். பாறையிடுக்கில் சாம்பல் நிறக் கல் ஒன்றை எடுத்தேன். கையில் கனமே இல்லை. உள்ளே முழுக்க ஓட்டை. அம்மா குளியலறையில் குதிகால் தேய்க்க வைத்திருக்கும் நுரைக்கல்லேதான். அந்த நுரைக்கல் எரிமலையிலிருந்து வருகிறது என்று எங்கோ படித்திருக்கிறேன். அதன் பிறந்த வீட்டில் நின்று பார்க்கும்போதுதான் புரிகிறது. ஒன்றை அம்மாவுக்கு எடுத்துப்போக ஆசை. ஆனால் 1982 முதல் இந்த இடம் பாதுகாக்கப்பட்ட எரிமலை நினைவகம். கல்லோ சாம்பலோ எடுக்கக் கூடாது. எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஏழே முக்காலுக்கு நிலநடுக்கத்தை அளக்கும் கருவி நிலையத்தின் அருகே ஓய்வு. கம்பமும் பெட்டியும் காற்றில் தனியாக நிற்கின்றன. மலை எப்போதும் கண்காணிப்பில் இருக்கிறது. 1980 மே 18 காலை 8 மணி 32 நிமிடத்துக்கு ஒரு நிலநடுக்கம், அதோடு வடக்கு முகம் முழுவதும் சரிந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். 57 பேர் இறந்தார்கள். டேவிட் ஜான்ஸ்டன் என்ற முப்பது வயது எரிமலை விஞ்ஞானி வடக்கே ஒன்பது, பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் காவல் இருந்தார். இதே வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் ஊரில் இருந்த தலைமை நிலையத்தை வானொலியில் கூப்பிட்டு, "வான்கூவர்! வான்கூவர்! இதுதான் அது!" என்றார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. வெடிப்பதற்கு முன் இந்த மலை 1,300 அடி கூடுதல் உயரம். நாங்கள் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்த சரிவு, அந்த இல்லாத உச்சியை நோக்கித்தான் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. கவ்லிட்ஸ் பழங்குடி மக்கள் இதைப் புகை விடும் மலை என்ற பொருளில் லவெட்லட்லா என்கிறார்கள். இன்றைய பெயர் 1792-இல் கடல்வழியாக வந்த ஜார்ஜ் வான்கூவர் தன் நாட்டுத் தூதர் ஒருவருக்காக வைத்தது. அந்தத் தூதர் இந்த மலையைப் பார்த்ததே இல்லை.

அங்கேதான் என் தண்ணீர் பாட்டில் போனது. மூடியைத் திருகி மூடிப் பனிமேல் வைத்தேன், அவ்வளவுதான். முதலில் மெல்ல உருண்டது, கை நீட்டினால் எடுத்துவிடலாம்போல. நான் எழவும் தோழி என் பையைப் பிடித்து உட்காரவைத்தாள். பாட்டில் வேகம் பிடித்து, துள்ளி, நீலப் புள்ளியாகி, சரிவு மடியும் இடத்தில் காணாமல் போனது. அதிகம் போனால் பத்து விநாடி. நேற்று முப்பது தடவை விழுந்ததெல்லாம் எதற்கென்று அந்தப் பத்து விநாடியில் விளங்கியது. அப்புறம் உச்சி வரைக்கும் கோடரியைப் பிடித்த கையை நான் தளர்த்தவே இல்லை. தோழி தன் தண்ணீரில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

கடைசி இரண்டாயிரம் அடி ஒரே பனிச் சரிவு. எனக்கு முன்னால் போனவர்கள் படிபோல மிதித்து வைத்திருந்தார்கள். அந்தப் படியில் நூறு அடி எடுத்துவைப்பேன், நின்று மூச்சு வாங்குவேன். வெயில் ஏற ஏறப் பனியிலிருந்து வெளிச்சம் திருப்பி அடித்தது. தாடைக்கு அடியில், மூக்குத் துவாரத்துக்குள்ளேகூடச் சன்ஸ்கிரீன் தடவச் சொன்னாள் தோழி. மூக்கின் அடிப்பக்கம் மறந்துவிட்டேன். இதை எழுதும்போது அங்கே தோல் உரிந்துகொண்டிருக்கிறது. கடந்து போனவர்களில் பாதிப்பேர் "அன்னையர் தின வாழ்த்துகள்" என்றார்கள். சேலையைப் பார்த்து ஒருவரும் முறைக்கவில்லை. ஒரு இளைஞன், மஞ்சள் கவுன் போட்டவன், "இதை எத்தனை கெஜம் மடித்துக் கட்டியிருக்கிறீர்கள்?" என்று விஷயம் தெரிந்தவனாகக் கேட்டான். அவன் பாட்டி ஃபிஜியிலிருந்து வந்தவராம்.

பதினோரு மணிக்குச் சரிவு சட்டென்று முடிந்தது. முன்னால் பனி, அதற்கப்பால் வானம். நூறு பேருக்கு மேல் அங்கங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லாம் வண்ண வண்ணக் கவுன்கள். வடக்கே மவுண்ட் ரெய்னியர், கிழக்கே ஆடம்ஸ், தெற்கே ஹூட். ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல நின்றன. எரிமலைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தூரத்தில் ஸ்பிரிட் ஏரி. அதன் ஒரு மூலையில் பழுப்பாகத் தெரிவது கரை இல்லை, மரங்கள். 44 வருடத்துக்கு முன் வெடிப்பு அடித்துப்போட்ட மரங்கள் இன்னும் மிதக்கின்றன.

ஆனால் எரிமலை வாயையும் அதன் நடுவே எழும்பியிருக்கும் மேட்டையும் நான் பார்க்கவில்லை. பார்க்கணும் என்றுதான் வந்தேன். விளிம்புக்கு இன்னும் முப்பது, நாற்பது அடி இருக்கும்போது தோழி கோடரியைக் குறுக்கே நீட்டினாள். ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் சுவரைத் தாண்டி நீண்டிருப்பதுபோல, காற்று தள்ளித் தள்ளிப் பனி பாறை விளிம்பைத் தாண்டி வெளியே வளர்ந்திருக்கும். மேலே நிற்பவர்களுக்கு அது திடமான தரையாகத்தான் தெரியும். கீழே ஒன்றுமிருக்காது. இந்த மார்ச் கடைசியில், இதே மலையில் பலமுறை ஏறிய ஒருவர், அப்படிப்பட்ட பனித் தாழ்வாரம் உடைந்து சுமார் 1,200 அடி உள்ளே விழுந்து இறந்துவிட்டார். ஆறு வாரம்தான் ஆகிறது, மேற்கொண்டு வெயிலில் பனி இளகிக்கொண்டே வருகிறது. விளிம்பு வரைக்கும் ஏற்கெனவே சிலரது காலடித் தடம் போயிருந்தது. அந்தத் தடம்தான் ஆசை காட்டுகிறது. "அவங்க போனப்போ தாங்கிச்சு. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்" என்றாள்.

நாங்கள் உட்கார்ந்து தயிர் சாதம் பிரிக்கும்போது ஒருவர் கேமராவோடு அந்தத் தடத்தில் போக ஆரம்பித்தார். முதலில் ஒரு பெண் கூப்பிட்டார். காதில் விழவில்லை. இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அப்புறம் அந்த உச்சியில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலாக "திரும்பி வாருங்கள்!" என்று கத்தினோம். நான் தமிழில் கத்தினேன் என்று தோழி பிற்பாடு சொன்னாள். அவர் நின்றார், கீழே பார்த்தார், வந்த அடியிலேயே கால் வைத்துத் திரும்பினார். யாரும் அவரைத் திட்டவில்லை. வெள்ளைத் தாடிக்காரர், சிவப்புக் கவுனில், நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தை நீட்டினார். அந்த மனிதர் அதை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். விரல்கள் நடுங்கின.

முந்தானையை அவிழ்த்து விட்டுக்கொண்டு ரெய்னியர் பின்னால் தெரிய ஒரு போட்டோ. காற்று வேறு வந்துவிட்டது. ஒப்பந்தப்படி நாடாவை வெட்டிச் சேலையை அவிழ்த்துப் பைக்குள் வைத்தேன். சிக்னல் இருந்தது. மதுரையில் நள்ளிரவு தாண்டிவிட்டதால் போட்டோவை மட்டும் அனுப்பினேன்.

இறங்குவது இன்னொரு உலகம். க்ராம்பானைக் கழற்றிவிட்டு, முன்னால் சறுக்கியவர்களால் பனியில் உண்டான வாய்க்காலில் உட்கார்ந்து, கோடரியின் அடிமுனையால் பிரேக் பிடித்தபடி சறுக்கி வந்தோம். முள்ளோடு சறுக்கக் கூடாது, அது மாட்டினால் ஆள் தூக்கியெறியப்படுவார். ஏற மூன்று மணி நேரம் பிடித்த சரிவு அரை மணியில் முடிந்தது. பனி மதியத்துக்குள் ரவைபோல இளகியிருந்ததால் வேகம் கைக்கு அடங்கியது. அடிவாரத்தில், சறுக்குத் தடத்தின் ஓரத்தில், யாரோ பனியைக் குவித்து மேடாக்கி அதில் என் நீலப் பாட்டிலை நேராக நட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

மூன்றரைக்கு வாகன நிறுத்தம். அந்த அம்மாள் நாற்காலியில் இருந்து எழ முயன்றார், நான் ஓடிப்போய் உட்காரவைத்தேன். க்ராம்பானைத் துடைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு முள்ளையும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, "விளிம்புக்குப் போகவில்லையே?" என்று கேட்டார். போகவில்லை என்றேன். தலையசைத்துவிட்டுப் பிளாஸ்க்கைத் திறந்து எங்களுக்குக் காப்பி ஊற்றினார். இன்னொரு கோப்பையை ஊற்றி மூடி வைத்தார். அவர் கணவர் இன்னும் இறங்கி வரவில்லை. எங்களோடு பேசிக்கொண்டே பாதை முடியும் மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கவுன் தெரியும் வரை நாங்களும் கிளம்பவில்லை.

கூகரில் சாப்பிட உட்கார்ந்தபோது ஊன்றிக்கொள்ள மேசை தேவைப்பட்டது. வெஜ் பர்கரும் பொரித்த உருளைக்கிழங்கும் பதினேழு டாலர். ஹக்கிள்பெர்ரி என்ற காட்டுப்பழத்தை வைத்துச் செய்த இனிப்புப் பண்டம் ஏழு டாலர், இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். பரிமாறிய பெண் எங்கள் மூக்கைப் பார்த்ததும் கேட்காமலேயே ஐஸ் தண்ணீர் ஒரு ஜாடி கொண்டுவந்து வைத்தார்.

மே 13, திங்கள்

ஆபீஸுக்கு லீவு. தொடை இரண்டும் கல்லாகிவிட்டன, மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிகிறது. வலது குதிகாலில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு கொப்புளம். கடைக்குப் போன் செய்து இரண்டு இடது கால் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுப் பாதி வாடகையைத் திருப்பிவிட்டார்கள்.

சேலையைப் பிரித்துப் பார்த்தேன். எங்கும் கிழியவில்லை. மடிப்புகளில் சாம்பல் தூள், உதறினால் போகிறது. ஆனால் நாடா ஒட்டிய இடங்களில் பார்டரில் கறுப்பாகப் பசை. எட்டு மணிக்கு அம்மா வீடியோவில் வந்தாள். போட்டோவைப் பார்த்துவிட்டாள்.

"அது எரிமலையாமே. உன் தம்பி சொன்னான்."

"ஆமாம்மா."

"எட்டிப் பார்த்தியா?"

"இல்லம்மா. முப்பது அடி இந்தப் பக்கமே உட்கார்ந்துட்டோம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சேலையைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னாள். பசைக் கறையைக் காட்டினேன். "தேங்காய் எண்ணெயைத் தடவி ஒரு ராத்திரி ஊறவிடு. விடிஞ்சதும் சீயக்காய் போட்டு அலசு. பிரஷ் போட்டுத் தேய்ச்சிராதே, புள்ளி மங்கிரும்" என்றாள்.

எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் விரித்து வைத்திருக்கிறேன். சீயக்காய்ப் பொடிதான் வீட்டில் இல்லை. நாளைக்குக் கடை திறந்ததும் வாங்க வேண்டும்.